சர் செங்குட்டுவன் போட்ட வெள்ளைச் சட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குக் காலடிப்பேட்டையில் அந்தத் தெருவுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் ஒரு நிமிடம் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். இருபது அடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தது. அதில் செங்குட்டுவன் யாரோ ஒரு வெள்ளைக்காரனின் கோட்டு போட்ட உடம்பின் மேல் தன் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். மேலே, ‘சர் செங்குட்டுவன் ஆல்டன்ஷா, ஏழாவது பாரோனெட்’ என்று தங்க எழுத்து. கீழே வாழ்த்தும் நண்பர்கள் முப்பது பேரின் முகம். நடுவில் ஒரு கேடயம், கேடயத்துக்குள் ஒரு நெற்கதிர்க் கட்டு.

பால் பாக்கெட் எடுக்க வெளியே வந்த மதி அதைப் பார்த்துவிட்டு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து வரும் வாடை அன்று கொஞ்சம் தூக்கல்தான். அவள் பொத்தியது அதற்காக இல்லை.

“இன்னாயா இது?”

வாசற்படியில் நின்று தன்னையும் ஃபிளெக்ஸையும் சேர்த்துச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த செங்குட்டுவன் திரும்பவில்லை. “நம்ப பசங்க வெச்சது. நல்லாக்கீதா?”

“தல ஒண்டிதான் உன்னுது. மீதி யாருதுய்யா?”

“அது டிசைன்மே. உனக்குப் புரியாது.”

“அந்த நெல்லுக் கதிரு?”

“அது முத்திரை. நம்ப குடும்பத்து முத்திரை.”

நம்ப குடும்பமாம்! மதி பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வாசகர்கள் அதற்குள் காபியைக் குடித்து முடியுங்கள். செங்குட்டுவனுக்கு ஐம்பத்து நாலு வயது. துறைமுகத்தில் ஒப்பந்தத்துக்குக் கிரேன் ஓட்டி, முதுகு போய் வெளியே வந்தவர். மதி அவர் மனைவி, பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் எண்பத்தொன்பது வயதுக் கிழவர் ஒருவர் பிள்ளை இல்லாமல் செத்துப்போனார். அவர் பெயருக்கு முன்னால் ‘சர்’ இருந்தது. ஒருவர் வாங்கி அவரோடு முடிகிற ‘சர்’ அல்ல இது. பாரோனெட் என்று பெயர். அப்பனுக்குப் பின் மூத்த மகன், அவனும் இல்லையென்றால் அடுத்த ஆண் வாரிசு என்று தலைமுறை தலைமுறையாக இறங்குகிற பட்டம். பெண்ணுக்குக் கிடையாது. அங்கே ஆண்கள் தீர்ந்துபோய் உலகமெல்லாம் தேடியபோது, செங்குட்டுவனின் தாத்தா வெள்ளத்துரையைப் பெற்ற எட்மண்ட் என்பவன் அந்தக் குடும்பத்து இளைய மகன் என்று தெரிய வந்தது. 1911-இல் ராயபுரத்தில் ஒரு சின்னத் தேவாலயத்தில் கல்யாணம். மூன்று வருடம் குடித்தனம். பிறகு கப்பல் ஏறியவன் ஏறியவன்தான்.

பட்டத்தோடு வீடு வராது, நிலம் வராது. மாளிகையை அந்தக் குடும்பம் எப்போதோ விற்றுத் தின்றாகிவிட்டது. வரப்போவது ஒரே ஒரு சொல்.

எனக்கு முதலில் செங்குட்டுவன் மேல் இரக்கம்தான் இருந்தது. முப்பது வருடம் அவரைத் துறைமுகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஏய் அஞ்சாம் நம்பர்’ என்றுதான் கூப்பிட்டார்கள், அவர் ஓட்டிய கிரேனின் எண் அது. அப்படிப்பட்டவருக்குப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வேண்டும் என்று ஆசை வந்ததில் தப்பில்லை என்றுதான் போன வாரம் வரை எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் அந்த இரக்கம் போய்விட்டது. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

பதினோரு மணிக்கு வழக்கறிஞர் செல்வநாதன் வந்தார். லண்டன் ஆட்களுக்காக இங்கே காகிதம் சேகரிப்பவர் அவர்தான். உறுதிமொழிப் பத்திரத்தில் செங்குட்டுவன் கையெழுத்துப் போட வேண்டும். அதை மறுநாள் லண்டனுக்கு அனுப்புவார்கள், அங்கே பட்டப் பதிவேட்டில் பெயர் ஏறும்.

“நாளைக்கு ஆபீஸ்ல வந்து போட்டாப் போதும் சார்,” என்றார் வழக்கறிஞர்.

“இன்னா சார், நாலு பேரு பாக்க வாணாவா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேடையில போடறேன். நீங்களும் வாங்க. சால்வ கீது.”

வழக்கறிஞர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். செங்குட்டுவன் மேடையில் பேசுவதற்குக் குடும்பச் சரித்திரம் கேட்டார். வழக்கறிஞர் கோப்பைப் பிரித்தார். மதி கூடத்தின் ஓரத்தில் உட்கார்ந்து சாயங்காலச் சாப்பாட்டுக்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது பேருக்குச் சாப்பாடு.

“முதல் பாரோனெட் சர் ஜோசையா ஆல்டன்ஷா. மெட்ராசுக்குக் குமாஸ்தாவா வந்து அரிசி வியாபாரி ஆனவர். தாது வருஷப் பஞ்சத்துல ராயபுரம் கடற்கரையில அவரோட மூட்டைங்க மலை மாதிரி அடுக்கியிருந்துதாம். எல்லாம் கப்பலுக்கு.”

“பஞ்சத்துல இங்க கீற அரிசிய வெளிய அனுப்பிக்கினு கீறானா?” என்று மதி கேட்டாள்.

வழக்கறிஞர் செங்குட்டுவனைப் பார்த்தார். கேட்டது மனைவி என்பதால் பதில் சொல்லலாமா என்று யோசித்தவர், சொல்லிவிட்டார். “ஆமாம்மா. நெல்லூர், செங்கல்பட்டுலேருந்து நடந்து வந்தவங்க மூட்டைக்குப் பக்கத்துலயே விழுந்து செத்திருக்காங்க. இவர் காவலுக்குத் தடியோட ஆள் நிறுத்தியிருக்கார். அப்புறம் கஞ்சித் தொட்டிக்குக் கான்ட்ராக்ட்டும் இவருக்கே. கஞ்சியில மணல் இருந்துதுன்னு ஒரு டாக்டர் எழுதின புகார் இருக்கு. ஆனா விசாரணை நடக்கல. பஞ்ச நிவாரண சேவைக்காகன்னு ராணி பட்டம் குடுத்துட்டாங்க. அந்த முத்திரையில கதிர்க் கட்டு அதுக்குத்தான். கீழ லத்தீன்ல ஒரு வாசகம் இருக்கும். ‘பசித்தோர்க்கு ஊட்டினேன்’னு அர்த்தம்.”

செங்குட்டுவன் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். “பசித்தோர்க்கு ஊட்டினேன். படா ஷோக்காக்கீது சார். அந்த மணல் மேட்டர வுட்டுடலாம்.”

மதியின் அம்மா ராயபுரம் சரக்குக் கொட்டகையில் சிந்திய அரிசியைப் பெருக்கி, புடைத்து, சலித்துப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்டவள். எத்தனை சலித்தாலும் பல்லில் ஒரு மணல் கடிபடும். மதிக்கு இன்றைக்கும் முதல் வாய்ச் சோற்றை மெதுவாகத்தான் மெல்ல வரும். மணல் கலந்து ஊட்டியவனின் கதிர்க் கட்டு இப்போது அவள் வீட்டு வாசலில் இருபது அடிக்கு நிற்கிறது.

“எங்க கொள்ளுத் தாத்தா கட்டினாங்களே, அந்தம்மா பேரு இன்னா சார்?” என்று செங்குட்டுவன் கேட்டார்.

“பதிவேட்டுல ‘மேரி, சுதேசிப் பெண்’னு மட்டும் இருக்கு. அப்பா பேர் இருக்கற இடத்துல ஒரு கோடு. சாட்சி, கோயில் மணி அடிக்கிறவரோட கைரேகை. ஆனா அது போதும், அது செல்லுபடியான திருமணம்னு லண்டன்ல ஒத்துக்கிட்டாங்க. முறையான திருமணத்துல பிறந்தவங்களுக்குத்தான் இந்தப் பட்டம். அதான் முக்கியம்.” அவர் பத்திரத்தை நீட்டினார். “தமிழ்ப் பிரதியும் இருக்கு. ஒரு தடவை வாசிச்சிடறேன்.”

வாசித்தார். பெயர், வயது, பிறப்பு, தாத்தா, அப்பா என்று எட்டு அம்சங்கள் சலிப்பாகப் போயின.

“ஒன்பது. என் ஒரே அண்ணன் ஜெயவேல், திருமணமாகாமலும், முறைப்படி பிறந்த ஆண் வாரிசு இல்லாமலும், 2011-ஆம் ஆண்டு காலமானார் என உறுதி கூறுகிறேன்.”

மதியின் கையில் முறம் நின்றுவிட்டது.

ஜெயவேல் செங்குட்டுவனுக்கு மூன்று வயது மூத்தவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி அடித்துச் செத்தார். அவர் மனைவி ரிஃபானா தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறாள். மகன் அறிவுக்கு இருபத்தேழு வயது, மணலியில் ஒரு தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலை. உயிரோடு, கண்ணெதிரே, பேருந்தில் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்ப் பார்க்கக்கூடிய மனிதர்கள்.

வழக்கறிஞர் சாயங்காலம் வருவதாகச் சொல்லித் தமிழ்ப் பிரதியை மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டும்வரை மதி பொறுத்தாள். பிறகு கணவனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“அக்காவும் அறிவும் அப்ப யாருய்யா?”

“கத்தாத. சும்மா ஒரு வரி. லண்டன்ல எவனோ படிப்பான், ஃபைல்ல வெப்பான். அண்ணிக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?”

“புருசன் இல்லாமப் புள்ள பெத்தவன்னு எய்திட்டு, இன்னா கொறயும்னு கேக்கறியா?”

“நான் அந்த வார்த்தய எய்தல.”

“வேற எத்தய்யா எய்தின?”

செங்குட்டுவன் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார். “மூத்தவன் புள்ளைக்குத்தான் மொத உரிமைன்றான் லாயரு. அண்ணன் கல்யாணம் கல்யாணம்னா பட்டம் எனக்கு வராதுமே.”

“அதுக்கோசரம்?”

“அதுக்கோசரம் அது கல்யாணம் இல்ல. எட்மண்டு துரை பண்ணது ஒண்டி கல்யாணம்.”

இவ்வளவு பச்சையாகச் சொல்வார் என்று மதி எதிர்பார்க்கவில்லை. கொஞ்சமாவது வெட்கப்பட்டிருந்தால் அவளுக்குச் சண்டை போடவாவது தெம்பு வந்திருக்கும்.

“அப்பன் பேரு தெரியாத ஒரு பொண்ணு, மணி அடிக்கிறவன் ரேக, மூணு வருசம் வெச்சிருந்துட்டு கப்பலேறினவன். அது கல்யாணம். மாமாவும் அக்காவும் ரிஜிஸ்டர் பண்ணி, சங்கத்துல மால மாத்தி, பதினஞ்சு வருசம் ஒரே தட்டுல துன்னாங்க. அது கல்யாணம் இல்லியா? நீ சாச்சிக் கையெய்த்துப் போட்டவன்யா!”

“அண்ணி வூட்டுக் காயிதம்லாம் வெள்ளத்துல பூட்ச்சி. இன்னா நம்பரு, எந்தத் தேதின்னு யாருக்குத் தெரியும்?”

“சங்கத்துப் புஸ்தகம்?”

“அதுவும் பூட்ச்சி,” என்று சொன்ன செங்குட்டுவன் மதியைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஜெயவேல் இருந்த தொழிலாளர் சங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. உறுப்பினர் யாருக்குக் கல்யாணம் என்றாலும் காலையில் பதிவு அலுவலகம், சாயங்காலம் சங்கக் கட்டடத்தில் மாலை. பிறகு கூலி உயர்வையும் வேலைநிறுத்தத்தையும் எழுதுகிற அதே நடவடிக்கைப் புத்தகத்தில், இன்னாரும் இன்னாரும் இன்று முதல் கணவன் மனைவி என்று தீர்மானமாக எழுதி, பதிவு எண்ணையும் குறித்து, எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். சங்கம் கலைந்தபோது அந்தப் புத்தகத்தைச் செங்குட்டுவன்தான் வீட்டுக்கு எடுத்து வந்தார்.

மூன்று மணிக்கு ரிஃபானா வந்தாள். கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

“இன்னா மதி, நீ இப்ப லேடியாமே? லேடி மதி! நான்லாம் உன்னாண்ட நின்னு பேசலாமா?”

மதிக்குச் சிரிக்க வரவில்லை. “உள்ள வாங்கக்கா.”

ரிஃபானா பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளைச் சட்டை. காலர் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. “தம்பி, மேடைக்கு இத்த போட்டுக்கோ. ரெண்டு நாளா கடையில வேற வேலயே தொடல.”

“எதுக்கு அண்ணி இதெல்லாம்,” என்று சொல்லிக்கொண்டே செங்குட்டுவன் கையை நீட்டினார். அளவு கொடுக்காமலே தைத்திருக்கிறாளே, பொருந்துமா என்று கேட்டார்.

“உங்கண்ணன் அளவுச் சீட்டு இன்னும் மெசின் டிராயர்லதான் கீது. ரெண்டு பேருக்கும் ஒரே தோளு. வயித்தாண்ட ஒண்டி ரெண்டு இஞ்சு வுட்டிருக்கேன். போடு பாக்கலாம்.”

போட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ரிஃபானா தோள்பட்டைத் தையலை விரலால் நீவிப் பார்த்தாள். முதுகுப்பக்கம் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது, குனிந்து அதைப் பல்லால் கடித்து எடுத்தாள். அவள் கையால் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவளைப் புருசன் இல்லாதவள் என்று எழுதின காகிதத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் மேசை மேல் வைத்துக்கொண்டு, அந்த மனிதர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். எழுதும்போதே எனக்குக் கை கூசுகிறது. இவரோடு இருபத்திரண்டு வருடம் படுத்து எழுந்த மதிக்கு எப்படி இருந்திருக்கும்!

“எப்டிக்கீது?” என்றார் அவளிடம்.

“கலீஜாக்கீது,” என்றாள் மதி.

ரிஃபானா அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். செங்குட்டுவன் சிரிக்காமல், பந்தல்காரனைப் பார்க்கப் போவதாகச் சொல்லி, சட்டையோடு வெளியே நழுவினார்.

அவர் போனதும் மதி மேசை மேலிருந்த தமிழ்ப் பிரதியை எடுத்து ரிஃபானாவின் கையில் வைத்தாள். “ஒம்போதாவது பாருங்கக்கா. நான் வாயால சொல்ல மாட்டேன்.”

ரிஃபானா படித்தாள். ஒரு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தாள். அழவில்லை. “திருமணமாகாமலும்னு போட்டுக்கீது,” என்றாள்.

“ஆமாங்கக்கா.”

“என்னப் பெத்த அத்தாவ எதிர்த்துக்கினு வந்தேன் மதி. எங்க வூட்ல பத்து வருசம் என் பேரச் சொல்லல. ஓடிப்போனவன்னுதான் சொல்வாங்க. அப்பக்கூட, நான் கல்யாணம் பண்ணவ, ரிஜிஸ்டர் பண்ணவன்னு தெருவுல தல நிமிந்து நடந்தேன். இத்தினி வருசம் கயிச்சி இந்த வூட்லருந்தா எனக்கு இது வரணும்? அறிவு படிச்சா அவன் இன்னா ஆவான்?”

மதி எழுந்து போய் இரும்பு பீரோவைத் திறந்தாள். வெள்ளத்தில் போனது என்றால் போயிருக்கட்டும், பார்த்துவிடுவோம் என்று அடித்தட்டில் கையை விட்டாள். போர்வைகளுக்கு அடியில், பழைய சிவப்புத் துணிக் கொடியில் சுற்றி, புத்தகம் இருந்தது.

தேட வேண்டியிருக்கவில்லை. ஒரு பக்கத்தில் தானாகவே பிரிந்தது. பக்கங்களுக்கு நடுவில் ஒரு பாதி சவர பிளேடு. 1996, தீர்மானம் பதினேழு. தோழர் ஜெயவேலும் தோழர் ரிஃபானாவும் இன்று முதல் கணவன் மனைவி. பதிவு எண், தேதி. கீழே ஏழு கையெழுத்து. முதல் கையெழுத்து, வளைத்து வளைத்துப் போட்ட செங்குட்டுவனின் கையெழுத்து. அந்தத் தாள் தைத்த விளிம்பை ஒட்டி மேலிருந்து ஓர் அங்குலம் அறுபட்டிருந்தது. அதற்குமேல் அறுக்கக் கை வரவில்லை போலும். வராத கை, பிளேடையும் எடுத்து எறியவில்லை. அடுத்த தடவைக்கு வசதியாக உள்ளேயே வைத்திருந்தது.

ரிஃபானா அந்தப் பக்கத்தில் ஜெயவேலின் கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். பிறகு மணி என்ன என்று கேட்டாள்.

ஆறு மணிக்குத் தெரு நிரம்பியிருந்தது. ஷாமியானா, ஒலிபெருக்கி, நாற்காலி, ஜூஸ். ஒலிபெருக்கிக்காரர் செங்குட்டுவனை ‘வடசென்னையின் ஆங்கிலச் சிங்கம்’ என்று கூப்பிட்டார். ‘பசித்தோர்க்கு ஊட்டிய பரம்பரை’ என்றார். கூட்டம் கைதட்டியது. மேடையில் மேசை, அதன் மேல் பத்திரம், பக்கத்தில் வழக்கறிஞர் செல்வநாதன். செங்குட்டுவன் வெள்ளைச் சட்டையில், சால்வையோடு, மூடி கழற்றிய பேனாவைப் பிடித்துக்கொண்டு படம் எடுப்பவர்களுக்காகக் காத்திருந்தார்.

ரிஃபானா மேடை ஏறினாள். வாழ்த்தத்தான் வருகிறாள் என்று ஒலிபெருக்கிக்காரர் நினைத்து, “பாசமிகு அண்ணி அவர்கள்” என்று ஒலிவாங்கியை அவள் பக்கம் நீட்டினார்.

“தம்பி, சட்டயக் கயட்டு,” என்றாள் ரிஃபானா.

தெருமுனைக் கடை வரைக்கும் கேட்டது.

“அண்ணி, இன்னா இது, அப்பால பேசிக்கலாம்…”

“இது என் புருசன் அளவுல வெட்டின சட்ட. எனக்குப் புருசனே இல்லன்னு அந்தக் காயிதத்துல எய்திக்கினு கீறியே, அப்ப இந்த அளவு யாருது? கயட்டு.”

யாரும் ஜூஸ் உறிஞ்சவில்லை. செங்குட்டுவன் கூட்டத்தைப் பார்த்தார், வழக்கறிஞரைப் பார்த்தார். மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்த மதியைப் பார்த்தார். அவள் கையில் சிவப்புத் துணி சுற்றிய புத்தகம் இருப்பது தெரிந்ததும் சால்வை தானாக நழுவியது. பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றினார். ரிஃபானா சட்டையை வாங்கி, அந்த மேடையிலேயே, கடையில் மடிப்பதுபோல் காலரை உள்ளே விட்டு நிதானமாக மடித்தாள். ஏழாவது பாரோனெட் பனியனோடு தன் ஃபிளெக்ஸுக்குக் கீழே நின்றார்.

மதி புத்தகத்தை மேசையில் பிரித்து வைத்தாள். பிளேடையும் பக்கத்தில் வைத்தாள்.

வழக்கறிஞர் குனிந்து படித்தார். “உங்க அண்ணனுக்குக் கல்யாணமே ஆகலன்னு சொன்னீங்களே சார்? பதிவு எண்ணே இருக்கு. நாளைக்கே நகல் வாங்கிடலாம்.” பத்திரத்தை எடுத்துப் பைக்குள் வைத்தார். “இது சரியா இருந்தா வாரிசு நீங்க இல்ல. உங்க அண்ணன் மகன்.”

ஒலிவாங்கி திறந்தேதான் இருந்தது. எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. மணலியிலிருந்து வேலை முடிந்து நேராக வந்த அறிவு, தொழிற்சாலைச் சீருடையோடு, தோளில் பையோடு, கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தான்.

ஒலிபெருக்கிக்காரருக்கு இரண்டே நொடிதான் தேவைப்பட்டது. “ஏழாவது பாரோனெட் சர் அறிவு அவர்களை மேடைக்கு வருக வருக என…” என்று ஆரம்பித்தார். முதலில் யாரோ ஒருவர் தட்டினார். பிறகு கூட்டம் முழுவதும் தட்டியது. ஐந்து நிமிடத்துக்கு முன்னால் செங்குட்டுவனுக்குத் தட்டிய அதே கைகள். கீழே விழுந்து கிடந்த சால்வையை ஒருவர் உதறி எடுத்து வைத்துக்கொண்டார்.

“அறிவு,” என்று பனியனோடு நின்ற செங்குட்டுவன் மேடை விளிம்புக்கு வந்து கூப்பிட்டார். “நீயாவது வாங்கிக்கடா. நம்ப குடும்பத்தவுட்டு வெளிய போவக்கூடாதுடா.”

ரிஃபானா மடித்த சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். நேராக மகனிடம் போனாள்.

“வா. வூட்டுக்குப் போலாம்.”

அறிவு அவளைப் பார்க்கவில்லை. அண்ணாந்து ஃபிளெக்ஸைப் பார்த்தான். அந்தக் கதிர்க் கட்டை, தங்க எழுத்தை, சித்தப்பாவின் தலை ஒட்டியிருந்த அந்தக் கோட்டு போட்ட உடம்பை. மேடையிலிருந்து மதிக்கு அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால், முதல் கடிதம் வந்த அன்று, இதே பார்வையை அவள் தன் வீட்டுக் கூடத்தில் செங்குட்டுவன் முகத்தில் பார்த்திருக்கிறாள். வாயில் மணல் கடிபட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

“அறிவு, வாடா,” என்றாள் ரிஃபானா மறுபடியும்.

“ஒரு நிமிசம்மா,” என்றான் அவன்.